கள்ளிமுளையான்: கண்டுபிடிப்பதிலிருந்து பூக்க வைப்பது வரை

சதுரக்கள்ளிப் புதரின் அடியில் குனிந்து, உதிர்ந்த சருகையும் முள்ளையும் ஒரு குச்சியால் விலக்கிப் பாருங்கள். பென்சில் கனத்தில், சாம்பல் கலந்த பச்சை நிறத்தில், நாலைந்து தண்டுகள் நிமிர்ந்து நிற்கும். இலை இருக்காது, முள்ளும் இருக்காது. ஆட்டின் வாய் எட்டாத இடமாகப் பார்த்து முளைத்திருக்கும். இதுதான் கள்ளிமுளையான்.

பெயர் வைத்தவர்கள் செடியை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். கள்ளி மூட்டில் முளைப்பது என்று பெயரே சொல்லிவிடுகிறது. வளர்க்கும் முறையும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. கள்ளிப் புதரடியில் என்னென்ன இருக்கிறது? அரை நிழல், தேங்காமல் ஓடிவிடும் மழைநீர், நிறைய சரளைக்கல், புதர் உதிர்த்த கொஞ்சம் மக்கு. இந்த நான்கையும் ஒரு மண்தொட்டிக்குள் கொண்டுவந்துவிட்டால் செடி தானாக வளரும். நான் கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த நான்கின் விளக்கம்தான்.

தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஸ்டபீலியா என்ற நட்சத்திரப் பூச் செடியை நர்சரிகளில் அபூர்வச் செடி என்று விற்கிறார்கள். அழகான செடிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு நெருங்கிய சொந்தம் ஒன்று நம் பொட்டல் காட்டிலேயே காலங்காலமாகப் பூத்துக்கொண்டிருக்கிறது என்பது வாங்குகிறவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

தாவரவியல் பெயர் கராலுமா அட்சென்டென்ஸ். சோழமண்டலக் கரையோரத்துச் செடிகளைப் படம் வரைவித்து வெளியிட்ட வில்லியம் ராக்ஸ்பர்க், 1795இல் இதை ஸ்டபீலியா என்ற பேரினத்தில் வைத்து விவரித்தார். 1810இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் கராலுமா என்று புதுப் பேரினம் அமைத்தபோது, தெலுங்கு மக்கள் இந்தச் செடியை அழைத்த பெயரையே எடுத்துக்கொண்டார். கள்ளிச்செடிப் பிரியர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் உச்சரிக்கிற அந்தப் பெயர் நம் அண்டை வீட்டு மொழியில் பிறந்தது. 2017இல் ஆய்வாளர்கள் சிலர் இந்தக் கூட்டத்தையே செரோபீஜியா என்ற பேரினத்துக்குள் சேர்க்க வேண்டும் என்றார்கள். எல்லோரும் அதை ஏற்கவில்லை. நீங்கள் தேடும்போது இரண்டு பெயரும் கண்ணில் படும், குழம்ப வேண்டாம்.

முதல் வேலை: பால் வருகிறதா பாருங்கள்

எனக்கு இந்தச் செடியைக் காட்டிக் கொடுத்தது பெரியம்மா. கரட்டு மேட்டில் ஆடு மேய்த்தவர். பத்து வயதில் நான் ஒரு கள்ளிக் கிளையை முறித்துக்கொண்டு வந்து, "இதானே பெரியம்மா?" என்றேன். கையிலிருந்து தட்டிவிட்டார். "கண்ணுல கைய வச்சிராதடா, ஓடிப் போய்க் கழுவு. கிள்ளுனா பால் வந்தா அது கள்ளி. பால் வராம தண்ணியா கசிஞ்சா அதான் முளையான். மொதல்ல இத மனசுல வையி."

இன்றைக்கும் இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் யூஃபோர்பியா இனம். வெள்ளைப் பால் குபுக்கென்று வரும். அந்தப் பால் கண்ணில் பட்டால் கடுமையான எரிச்சலும் காயமும் உண்டாகும். கள்ளிமுளையானைக் கிள்ளினால் கலங்கல் இல்லாத நீர்தான் கசியும். நகத்தால் லேசாகக் கீறினாலே போதும், ஒடிக்கத் தேவையில்லை. முடிந்ததும் கையைக் கழுவிவிடுங்கள், கீறியது எதுவாக இருந்தாலும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கள்ளிமுளையானுக்குக் கள்ளியோடு எந்த உறவும் கிடையாது. இதன் குடும்பம் எருக்கு, நன்னாரி, வேலிப்பருத்தி, அரளி இவற்றின் குடும்பம். எருக்கில் பால் கொட்டும். அதே வீட்டில் பிறந்த இதில் பால் இல்லை.

பிரண்டையா, முளையானா?

அடுத்த குழப்பம் பிரண்டையோடு. இரண்டுக்கும் தண்டு நாலு பட்டை. இரண்டையும் துவையல் அரைக்கிறார்கள். ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மறுபடி குழம்பவே மாட்டீர்கள். பிரண்டைக்கு ஒவ்வொரு கணுவிலும் இடுப்பு இறுக்கிக் கட்டியதுபோல ஒரு ஒடுக்கம் இருக்கும். கணுவில் சுருள் கம்பி வரும், இளந்தண்டில் இதய வடிவ இலை இருக்கும், எதையாவது பிடித்து மேலே ஏறும். கள்ளிமுளையானுக்குக் கணு ஒடுக்கம் கிடையாது, சுருள் கம்பி கிடையாது, எதன் மேலும் ஏறாது. அடித்தண்டு மண்ணை ஒட்டிப் பக்கவாட்டில் ஊர்ந்துபோகும், அதிலிருந்து கிளைகள் நேராக எழும்பும். சாதாரணமாக ஒரு சாண், நல்ல நிழலில் ஒன்றரை சாண் உயரம்.

தண்டின் நாலு விளிம்புகளையும் விரலால் தடவுங்கள். சிறு சிறு பற்கள் போல நெருடும். ஒவ்வொரு பல்லின் நுனியிலும் புதுத் தண்டாக இருக்கும்போது எள்ளளவு இலை ஒன்று ஒட்டியிருந்து, சில நாளில் உதிர்ந்துவிடும். இலை இல்லாததால் உணவு சமைக்கும் வேலையைப் பச்சைத் தண்டே பார்த்துக்கொள்கிறது. பகல் வெயிலில் தண்டின் துளைகளை மூடி வைத்து, இரவின் குளிர்ச்சியில் திறந்து காற்றை வாங்கிச் சேமிக்கிறது. கொளுத்தும் சித்திரையிலும் தண்ணீரை இழக்காமல் நிற்பது இதனால்தான். வெயில் அதிகம் படும் தண்டுகள் ஊதாப் பழுப்பாக மாறும், நிழலில் இருப்பவை பச்சையாக இருக்கும். ஒரே செடியில் இரண்டு நிறமும் பார்க்கலாம். அதை நோய் என்று நினைத்துவிடாதீர்கள்.

நர்சரியில் பார்க்கும் ஸ்டபீலியாவும் நாலு பட்டைத் தண்டுதான். ஆனால் தொட்டால் பூனைக்குட்டியின் காது போல மெத்தென்று இருக்கும், தண்டு முழுவதும் நுண்ணிய மயிர். கள்ளிமுளையான் வழுவழுவென்று இருக்கும்.

பூதான் கடைசிச் சாட்சி

பூவில்லாத நாளில் நூற்றுக்குத் தொண்ணூறு உறுதி சொல்லலாம். மீதிப் பத்துக்குப் பூவைப் பார்த்தாக வேண்டும். பெரும்பாலும் மழைக்குப் பிறகுதான் பூக்கும். ஆடிக் கடைசியில் நல்ல மழை ஒன்று விழுந்தால் ஆவணியிலிருந்து கார்த்திகை வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பூக்கத் தயாராகும் தண்டு தன் உருவத்தையே மாற்றிக்கொள்ளும். அதுவரை தடிமனாக வளர்ந்த தண்டு, நுனியில் எலிவால் போல மெலிந்து நீளும். அந்த மெலிந்த பகுதியில்தான் விளிம்புப் பற்களை ஒட்டி ஒன்றிரண்டாகப் பூக்கள் வரும். ஒரு சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். ஐந்து இதழ் மடல்கள். கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம், சிலவற்றில் மஞ்சள் கலந்த வரிகள். இடத்துக்கு இடம் நிறமும் வடிவமும் மாறும். இதழ்கள் பின்னால் மடங்கியவை ஒரு வகை, தலைகவிழ்ந்து மணி போலத் தொங்குபவை இன்னொரு வகை.

ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சின்ன லென்ஸ் போதும். அதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, பூவை லென்ஸை நோக்கிக் கொண்டுவாருங்கள். தொங்கும் பூ வகையில் இதழ் ஓரத்தில் ஊதா நிற மயிர்கள் வரிசையாக இருப்பது தெரியும். மூச்சு விட்டால்கூட அவை துடிக்கும். சின்ன ஈக்களை அழைக்க அந்த அசைவும் உதவுகிறது என்கிறார்கள். பூவின் நடுவில் ஐந்து முனையுள்ள குட்டி மகுடம் ஒன்று இருக்கும். மகுடத்தின் இடுக்குகளில் கடுகில் பாதிகூட இல்லாத ஒரு செம்பழுப்புப் புள்ளி. அது ஒரு கவ்வி. அதன் இரண்டு பக்கமும் மஞ்சள் மெழுகு போல மகரந்தப் பொதிகள் ஒட்டியிருக்கும். தேன் தேடி ஈ வாயை நீட்டும்போது, அந்தக் கவ்வி ஈயின் வாய் மயிரைப் பிடித்துக்கொள்ளும். ஈ இழுத்துக்கொண்டு பறக்கும்போது இரண்டு பொதிகளும் கூடவே போய், அடுத்த பூவின் இடுக்கில் செருகிக்கொள்ளும். எருக்கம்பூவைப் பிரித்துப் பார்த்தாலும் இதே கவ்வி, இதே பொதிகள் இருக்கும், அளவு மட்டும் பெரிது. முதலில் எருக்கம்பூவில் பார்த்துப் பழகிக்கொண்டால் இதில் கண்டுபிடிப்பது எளிது.

சரி, நுனி மெலியாமல், தடித்த தண்டின் உச்சியிலேயே பத்திருபது பூ பந்தாகக் கூடிப் பூத்தால்? அது எருமைக்கள்ளி என்று சில ஊர்களில் சொல்லப்படும் கராலுமா அம்பெலேட்டா. புதிய நூல்களில் பூசரோசியா என்ற பேரினப் பெயரில் இருக்கும். தண்டு விரலைவிடக் கனமாக இருக்கும். கருஞ்சிவப்புப் பூப்பந்து பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் மூக்கருகே கொண்டுபோகாதீர்கள். செத்த எலி வாடைதான். ஈக்களுக்கு அது விருந்து மணம். வளர்க்கும் முறை இரண்டுக்கும் ஒன்றே, அதனால் எது கிடைத்தாலும் கீழே உள்ளதைப் பின்பற்றலாம்.

எங்கிருந்து எடுப்பது

இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். காப்புக்காட்டிலிருந்து அனுமதியில்லாமல் எதையும் எடுப்பது குற்றம். அங்கே படம் எடுங்கள், தொட்டுப் பாருங்கள், திரும்பி வாருங்கள். தோட்டக்காரர் அனுமதித்த பட்டா நிலம், பழைய கள்ளி வேலி, வீடு கட்டச் சுத்தம் செய்யப்போகும் மனை, கல்குவாரிக்காக அழியப்போகும் கரடு, இவையே சரியான இடங்கள். கள்ளி வேலிகளைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போடும்போது அதன் அடியில் இருந்த முளையானும் சேர்ந்தே போகிறது. அப்படி ஒரு வேலியைப் பிடுங்குகிறார்கள் என்று தெரிந்தால் முதல் நாளே போய்க் கேளுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள்.

வேரோடு பிடுங்காதீர்கள். ஒரு கூட்டத்தில் பத்துத் தண்டு இருந்தால் இரண்டு போதும். நன்கு முற்றிய, பூ முடிந்த மெலிந்த நுனியை விட்டுவிட்டு, தடித்த பகுதியில் அரைச்சாண் நீளத்துக்கு, அடித்தண்டோடு சேரும் இடத்தில் சுத்தமான பிளேடால் வெட்டுங்கள். அந்த இணைப்பு குறுகலாக இருக்கும், வெட்டு வாய் சிறியதாக அமையும், சீக்கிரம் ஆறும். விதை வேண்டும் என்ற ஆசை இருந்தால், தூரத்தில் இருக்கும் வேறொரு கூட்டத்திலிருந்தும் ஒரு துண்டு எடுங்கள். ஒரே கூட்டத்தின் தண்டுகள் பல நேரம் ஒரே செடிதான். தன் மகரந்தத்தில் தானே காய் பிடிப்பது இந்த இனத்தில் அரிது.

காய வைப்பது

வீட்டுக்கு வந்ததும் நடக் கூடாது. புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். துண்டுகளைச் செய்தித்தாளின் மேல் பரப்பி, வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் 5 முதல் 7 நாள் விடுங்கள். மழைக்காலமாக இருந்தால் 10 நாள்கூட ஆகலாம். வெட்டு வாய் சுருங்கி, வெளுத்து, காய்ந்த தோல் போலக் கட்டியிருக்க வேண்டும். தண்டு கொஞ்சம் வாடிச் சுருங்கும், கவலைப்படாதீர்கள். சுருங்கிய தண்டுக்குத்தான் வேர்விட அவசரம்.

தொட்டியும் கலவையும்

வாய் அகன்ற, ஆழம் குறைந்த மண்தொட்டி. 15 முதல் 20 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் போதும். வேர் ஆழமாகப் போகாது, செடி பக்கவாட்டில்தான் பரவும். தயிர்ச் சட்டி, பழைய மண்சட்டி எல்லாம் ஆகும், அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட முடிந்தால். பிளாஸ்டிக் தொட்டியில் வளர்க்க முடியாது என்றில்லை, ஈரம் போக நாளாகும், அதனால் பழகாத கைக்கு ஆபத்து.

கலவை இப்படி: பெருமணல் அல்லது கடுகிலிருந்து மிளகு அளவுள்ள சரளை இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய இலை உரம் அரைப் பங்கு. ஆற்று மணல் கிடைக்காத இடத்தில் எம்-சாண்ட் பயன்படுத்தலாம், ஆனால் அதில் இருக்கும் மாவுப் பொடியை அப்படியே விட்டால் நனைந்து காய்ந்ததும் சிமென்ட் போல இறுகிவிடும். தேநீர்ச் சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை மட்டும் இரண்டு தண்ணீர் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். உடைத்த செங்கல் துண்டும் கொஞ்சம் அடுப்புக் கரியும் கலந்தால் நல்லது. தென்னை நார்க் கழிவு போடாதீர்கள். அது வேருக்கு மெத்தை விரிப்பதுபோலத் தெரியும், உள்ளே ஈரத்தை வாரக்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கலவை சரியா என்று பார்க்க ஒரு வழி. கைப்பிடி எடுத்து நனைத்து, உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துத் திறங்கள். கொழுக்கட்டை போல நின்றால் களி அதிகம், இன்னும் சரளை சேருங்கள். திறந்ததும் உதிர்ந்துவிட வேண்டும்.

நடுவது

காய்ந்த கலவையில், காய்ந்த துண்டை, ஒரு விரல்கணு ஆழத்துக்கு மட்டும் ஊன்றுங்கள். நிற்காவிட்டால் இரண்டு கூழாங்கல்லை முட்டுக் கொடுங்கள், ஆழமாகப் புதைக்க வேண்டாம். நீளமான துண்டை அப்படியே மண்ணின் மேல் படுக்க வைத்தாலும் அடிப்பக்கத்திலிருந்து வேர் இறங்கும், காட்டில் நடப்பதும் அதுதான். மேலே விரற்கடை அளவு சரளை பரப்புங்கள். தண்டின் கழுத்து ஈரத்தில் உட்காராமல் இருக்க அது உதவும்.

தண்ணீர்? முதல் ஐந்தாறு நாள் ஒரு சொட்டும் வேண்டாம். அப்புறம் லேசாகத் தெளியுங்கள், நாலைந்து நாளைக்கு ஒருமுறை. இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள் வேர் பிடித்துவிடும். பிடித்ததா என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். விரலால் மெல்லத் தள்ளினால் தண்டு எதிர்த்து நிற்கும், சுருக்கம் நீங்கித் தண்டு உப்பும், அதுவே அடையாளம். தை முதல் பங்குனிக்குள் நட்டால், மழை தொடங்குவதற்குள் செடி நிலைத்துவிடும். ஐப்பசி அடைமழையில் நடுவதைத் தவிர்த்துவிடுங்கள்.

தண்ணீர், வெயில், மழை

இந்தச் செடி தண்ணீர் இல்லாமல் செத்ததை நான் பார்த்ததில்லை. தண்ணீரால் செத்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். என் முதல் தொட்டி அப்படித்தான் போனது. ஒரு நர்சரியில் "தினமும் ஒரு குவளை ஊற்றுங்கள்" என்று சொல்லிக் கொடுத்தார்கள், அப்படியே செய்தேன். மூன்றாவது வாரம் தண்டு மேலே பச்சையாக நிமிர்ந்து நின்றது. தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அடியில் ஒரு அங்குலம் கஞ்சி போலக் குழைந்திருந்தது.

கணக்கு வைத்துத் தண்ணீர் விட வேண்டாம். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். நனைந்த தொட்டியின் கனமும் காய்ந்த தொட்டியின் கனமும் ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். தூக்க முடியாத இடத்தில் இருந்தால் ஒரு மூங்கில் குச்சியை அடி வரை செருகி எடுங்கள். மண் ஒட்டாமல் காய்ந்து வந்தால் அன்றைக்குத் தண்ணீர் விடலாம். விடும்போது அடி ஓட்டையில் வழியும் வரை விடுங்கள், அப்புறம் முழுதும் காயும் வரை மறந்துவிடுங்கள். தண்ணீர்த் தட்டு வைக்காதீர்கள்.

நடைமுறையில் என் மொட்டை மாடியில் இப்படி அமைகிறது: கோடையில் வாரம் ஒருமுறை, ஆடி ஆவணியில் செடி வளரும்போது வாரம் இருமுறை, மார்கழி தையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. உங்கள் ஊர்க் காற்று வேறு, உங்கள் தொட்டி வேறு. கனத்தைத்தான் நம்ப வேண்டும்.

வெயிலைப் பொறுத்தவரை, காலை பத்து மணி வரை நேரடி வெயில், அதன்பிறகு சல்லடை நிழல். பங்குனி முதல் வைகாசி வரை உச்சி வெயிலில் விட்டால் தண்டு வெந்து வெளுத்த தழும்பு விழும், அது பிறகு ஆறாது. முழு நிழலிலும் வைக்கக் கூடாது. வைத்தால் தண்டு நூலாக நீண்டு சாயும், பூக்காது. நான் தொட்டிகளைப் பெரிய கற்றாழைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் மேற்கு வெயில் மறையும்படி வைக்கிறேன். கள்ளிப் புதருக்குப் பதில் கற்றாழைப் புதர்.

வடகிழக்குப் பருவமழையில் ஒன்றிரண்டு மழை நனையட்டும், அது பூவுக்கு நல்லது. மூன்று நாள் விடாமல் பெய்யும் என்றால் தாழ்வாரத்துக்கு நகர்த்துங்கள். கீழே இரண்டு செங்கல் கொடுத்துத் தொட்டியைத் தூக்கி வைப்பது எப்போதுமே நல்லது.

உரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வருடத்துக்கு ஒருமுறை, ஆனி மாதம், ஒரு கைப்பிடி பழைய மண்புழு உரத்தை மேலே தூவினால் போதும். தழைச்சத்து அதிகம் கொடுத்தால் தண்டு கொழுத்து, மென்மையாகி, அழுகலுக்கு வழிவிடும்.

அழுகல், மாவுப்பூச்சி, ஒரு விருந்தாளி

சுருங்கிய தண்டு தாகம் என்று அர்த்தம். அடியில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறி, அழுத்தினால் அமுங்கும் தண்டு அழுகல் என்று அர்த்தம். இரண்டையும் குழப்பித் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். அழுகலைக் கண்டால் அன்றைக்கே, அழுகிய இடத்துக்கு மேலே வெட்டி, வெட்டு முகத்தைப் பாருங்கள். நடுவில் பழுப்புப் புள்ளியோ வளையமோ தெரிந்தால் இன்னும் மேலே வெட்ட வேண்டும். சுத்தமான வெளிர்பச்சைச் சதை தெரியும் வரை வெட்டிக்கொண்டே போங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடைத் துடைத்துவிட்டு. மிஞ்சுவது இரண்டு அங்குலமே ஆனாலும் சரி, காய வைத்து மறுபடி நடுங்கள், பிழைத்துக்கொள்ளும். பழைய மண்ணைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

மாவுப்பூச்சி விளிம்புப் பற்களின் இடுக்கில் பஞ்சு போல ஒளிந்திருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்கு நாலைந்து சொட்டு சோப்புக் கரைசல், நன்றாகக் கலக்கி மாலையில் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். செடி காரணமே இல்லாமல் வாடினால் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள், அதே வெள்ளைப் பஞ்சு வேரிலும் இருக்கலாம். இருந்தால் மண்ணை முழுக்க உதறி, வேரைக் கழுவி, காயவைத்து, புதுக் கலவையில் நட வேண்டும். பூத்திருக்கும்போது எதையும் தெளிக்காதீர்கள், ஈக்கள் வராமல் போகும்.

வெள்ளை, கறுப்பு, மஞ்சள் பட்டை போட்ட, முதுகில் கறுப்புக் கொம்புகள் உள்ள ஒரு புழு தண்டைக் கடித்துக்கொண்டிருந்தால் மருந்தடிக்க ஓடாதீர்கள். அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. எருக்கில் முட்டையிடும் அது, எருக்கின் சொந்தக்காரனையும் தேடி வந்திருக்கிறது. தெருவில் எருக்கு இருந்தால் ஒரு இலையில் ஏற்றி அங்கே விட்டுவிடுங்கள். நான் ஒரு தொட்டியை அதற்கென்றே விட்டுவைத்திருக்கிறேன், தண்டு மறுபடி துளிர்க்கும்.

காய், விதை

பூவுக்குப் பிறகு ஆட்டுக் கொம்பு போல இரட்டைக் காய்கள் மெலிதாக நிமிர்ந்து எழும். சில நேரம் பூ உதிர்ந்து வெகுநாள் கழித்துத்தான் காய் தெரியும், முற்றுவதற்கு மாதங்கள் ஆகலாம். பொறுமை வேண்டும். காய் பச்சை மாறி வெளிறத் தொடங்கியதும் தையல் நூலால் இரண்டு மூன்று இடத்தில் தளர்வாகக் கட்டிவிடுங்கள். கட்டாவிட்டால் ஒரு மத்தியானம் வெடித்து, எருக்கம் பஞ்சு போல வெள்ளைப் பட்டுக் குஞ்சம் கட்டிய தட்டை விதைகள் எல்லாம் பக்கத்து வீட்டு மாடிக்குப் போயிருக்கும்.

குஞ்சத்தைக் கிள்ளிவிட்டு, சலித்த மணல் கலவையின் மேல் விதையைப் படுக்கவைத்து, மறையும் மறையாததுமாக மணல் தூவுங்கள். முதல் வாரம் மட்டும் ஈரம் காயக் கூடாது. புது விதை மூன்றாம் நாளிலேயே முளைக்கத் தொடங்கும், ஒரு வாரத்தில் பெரும்பாலும் முளைத்துவிடும். பச்சைக் கடுகு போலத் தடித்த இரண்டு வித்திலை, அதன் நடுவில் குட்டி நாலு பட்டைத் தண்டு. முதல் கோடையை மட்டும் நிழலில் கடத்திவிட்டால் போதும்.

துவையல்

தொட்டி நிறைந்தபிறகு இளம் நுனிகளைக் கிள்ளி எடுத்துச் சமைக்கலாம். காட்டில் திரிபவர்கள் பசிக்கும் தாகத்துக்கும் பச்சையாகவே மென்றிருக்கிறார்கள். விளிம்பு நாரை உரித்து, பொடியாக நறுக்கி, நல்லெண்ணெயில் பச்சை வாடை போகும் வரை வதக்குங்கள். உளுந்து, காய்ந்த மிளகாய், சிறு நெல்லிக்காய் அளவு புளி, தேங்காய், உப்பு சேர்த்துக் கரகரப்பாக அரையுங்கள். லேசான கசப்பும் புளிப்பும் இருக்கும். இதன் சாற்றை எடை குறைக்கும் மாத்திரைகளாகவும் விற்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போகச் சொல்ல மாட்டேன். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் துவையலாகச் சாப்பிடுவதற்கு முன்பும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பூவைப் பார்த்து உறுதி செய்யாத செடியை யாரும் வாயில் வைக்க வேண்டாம்.

இன்னொருவருக்குக் கொடுக்கும்போது

இரண்டு வருடத்தில் ஒரு தொட்டி நிரம்பி வழியும். அப்போது நாலைந்து துண்டுகளை வெட்டி, நான்கு நாள் காய வைத்து, செய்தித்தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் போட்டு எந்த ஊருக்கும் அனுப்பலாம். ஈரத்துணியில் சுற்றாதீர்கள், பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள். பெட்டியில் இரண்டு ஓட்டை போட்டுவிடுங்கள். எந்த ஊரில், எந்த வேலியில் எடுத்தது என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். அந்த வேலி இப்போது இல்லாமல்கூட இருக்கலாம்.